கவிஞர் வீட்டுத் திறப்புக்காரன்

இறந்துபோன ஒரு கவிஞரின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கவிஞரால் ஒரு தொல்லையும் இல்லை. உயிரோடு இருப்பவர்கள்தான் தொல்லை. நூதனசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் பழைய மாளிகைகளிலும் இடுப்பில் சாவிகள் தொங்கும் திறப்புக்கோர்வையோடு நின்று, கேட்ட கேள்விக்கே நாள் முழுதும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் என் சகபாடிகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தக் கோபம் விளங்காது.

வீடு கரவெட்டியைத் தாண்டி, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. மண் சுவர், பனையோலைக் கூரை, சாணம் மெழுகிய நிலம், இரண்டு அறை, ஒரு விறாந்தை. பின்னால் தனியாகச் சமையலுக்குக் குசினி. குசினிக்குப் பக்கத்தில் துலாக் கிணறு. கவிஞர் புகையிலைத் தோட்டம் செய்து பிழைத்தவர். இந்த வீட்டில்தான் பிறந்தார், எழுதினார், இறந்தார். நினைவு மன்றம் ஒன்று வீட்டைப் பொறுப்பெடுத்து, என்னைக் காவலுக்கு வைத்தது. அதற்கு முன் நான் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு. மிச்சத்தை ஒட்டிய ரியூப் காயும் நேரத்தில் படித்துக்கொண்டேன். மனைவி போன பிறகு கடையில் இருக்கப் பிடிக்கவில்லை, இங்கே வந்தேன்.

அந்தப் பகுதிக் கிணறுகள் முக்கால்வாசி உவர். கவிஞர் வீட்டுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பூமணியின் வீட்டுக்கும், அவரைச் சேர்ந்த இன்னும் சில வீடுகளுக்கும் குடிக்கவும் உலை வைக்கவும் இந்தத் தண்ணீர்தான். அவர்கள் வந்துபோக வேலியில் பொட்டு என்று சொல்லும் சின்ன வழி ஒன்று விட்டிருந்தது. குனிந்துதான் வர வேண்டும். கவிஞர் காலத்திலிருந்து இருக்கும் பொட்டு அது. நான் சொல்லப்போவது கடைசியில் அந்தக் கிணற்றடியில்தான் போய் நிற்கும்.

செருப்பைக் கழற்றவும்

சாணம் மெழுகிய நிலத்தில் குதியுயர்ந்த செருப்போடு நடந்தால் நிலம் பொத்துப்போகும். மன்றச் செயலாளரிடம் சொன்னேன். அவர் வாசலில் ‘பாதணிகளைக் கழற்றவும்’ என்று பலகை வைத்தார். அதுவரை எல்லாம் சரி. நான் வெள்ளிக்கிழமைகளில் நிலம் மெழுகுவேன். என் மனைவி எங்கள் வீட்டை மெழுகிய நாட்களில் நான் வாசலில் நின்று பார்த்ததோடு சரி. கை எப்படி வளைய வேண்டும் என்பது அந்தப் பார்வையில் படிந்திருந்தது போலிருக்கிறது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஈரச் சாண வாசனை. ரோட்டால் போன மினிபஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, சேட்டின் மேல் பொத்தானையும் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளையாரோ வைரவரோ என்று கேட்டார். கோயில் இல்லை, ஒரு கவிஞரின் வீடு என்றேன். திரும்பிப் போய் ஒரு செருப்புக்குள் காலை நுழைத்தவர், என்ன நினைத்தாரோ, அதை மறுபடி கழற்றினார். “பரவாயில்லை அண்ணை, இறங்கினது இறங்கிட்டன். ஒருக்காக் கும்பிட்டிட்டுப் போறன், ஆருக்குத் தெரியும்.”

பிளாஸ்ரிக் குடம்

வெளிநாட்டிலிருந்து வருபவர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்கள் அனுப்பும் உதவியில்தான் கூரை மேய்கிறோம். ஆனால் ஒரு குடும்பத்தை மறக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்ட வானில் வந்தார்கள். தகப்பன் இரண்டு அறையையும் பார்த்துவிட்டு மிச்ச அறைகள் எங்கே என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். நான் எதையோ ஒளித்து வைத்திருப்பது போல என்னைப் பார்த்தார்.

பிறகு துலாவோடு படம் எடுக்க வேண்டும் என்றார். பூமணி அப்போது தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். அவரைக் கொஞ்சம் விலகச் சொல்லும்படி தகப்பன் என்னிடம் சொன்னார், பூமணியிடம் அல்ல. அது காதில் விழுந்து பூமணி பாதி வாளியோடு கயிற்றை விட்டுவிட்டுக் குசினிப் பக்கம் ஒதுங்கினார். பிள்ளைகளை நிறுத்தி, தாயை நிறுத்தி, பல படம் எடுத்தாயிற்று. எடுத்த படத்தைத் தொலைபேசியில் பார்த்த தகப்பனுக்கு ஏதோ குறைந்தது. என்னிடம் வந்தார். “அண்ணை, அவ துலாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் படம் நல்லாயிருக்கும். ஒருக்காக் கூப்பிடுங்கோ. ஆனால் அந்தப் பிளாஸ்ரிக் குடத்தை விட்டிட்டு வரச் சொல்லுங்கோ.”

பூமணி அதற்குள் பொட்டால் குனிந்து போயிருந்தார். குடத்தோடுதான் போனார்.

கற்பூரம்

மினிபஸ்காரர் ஒருவர் மட்டும் கும்பிட்டுப் போயிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். எங்கள் ஊரில் ஒருவர் கும்பிட்ட இடத்தை இன்னொருவர் சும்மா கடந்து போவதில்லை. கொஞ்ச நாளில் விறாந்தையில் இருக்கும் கவிஞரின் படத்துக்குச் செவ்வரத்தம்பூ வந்தது. பிறகு சந்தனம். கவிஞரின் நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்கள். வாழ்நாளில் அவர் வைக்காத பொட்டு. கோயில் வாசலை மிதிக்காமல் கடைசி வரை இருந்தவர் அவர். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் நான் குசினிக்குள் இருந்தேன். புகை மணந்தது. ஓடி வந்து பார்த்தால், ஒரு அம்மா படத்துக்கு முன்னால் வெற்றிலையில் கற்பூரம் கொளுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். மேலே பனையோலை. பங்குனி வெயிலில் காய்ந்து, ஒரு பொறி பட்டால் போதும் என்று கிடக்கிற ஓலை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, குனிந்து ஊதி அணைத்துவிட்டேன். வீடு எரிந்திருக்கும் என்று சொன்னேன். எரிந்தால் என்ன என்பது போலத்தான் அந்த அம்மா பார்த்தார். “சாமிக்கு முன்னாலை எரியிறதை வாயாலை ஊதி அணைச்ச மனிசனை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

முறைப்பாடு மன்றத்துக்குப் போனது. மன்றம் கற்பூரத்தைத் தடைசெய்யும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு மன்றங்களோடு பழக்கமில்லை. ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கி வைத்தார்கள்.

சோதனைப் பேனை

கவிஞர் ஒரு சோதனையும் ஒழுங்காகப் பாஸ் பண்ணாதவர். இது ஊருக்கே தெரியும். அவரே சிரித்துக்கொண்டு சொல்வாராம். அப்படிப்பட்டவரின் படத்துக்கு முன்னால், சாதாரண தரச் சோதனை நெருங்கியதும், தாய்மார் பிள்ளைகளின் பேனைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். ஒரு ரியூசன் வாத்தியார் வகுப்பையே பஸ்ஸில் ஏற்றி வந்தார். அவர்களில் ஒருவரும் அலுமாரியில் இருந்த கவிஞரின் புத்தகத்தைத் திறக்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லையாம்.

பொறுக்க முடியாமல் ஒரு தாயிடம் உண்மையைச் சொன்னேன்: அம்மா, நீங்கள் பேனை வைக்கிற ஆள் கணக்கில் கோட்டை விட்டவர், ஆங்கிலத்தில் கோட்டை விட்டவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். அந்தத் தாய் கொஞ்சமும் தளரவில்லை. பேனைகளைப் படத்துக்கு இன்னும் கிட்டவாகத் தள்ளி வைத்தார். “தனக்குக் கிடைக்காததைத்தானே அண்ணை மற்றவைக்குக் குடுக்க மனம் வரும்.”

 

வாளி

அந்தத் தாயின் பிள்ளை நன்றாகப் பாஸ் பண்ணிவிட்டது. படித்திருக்கும். ஆனால் தாய், சோதனைக்குப் போகும் நாட்களில் கவிஞர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பிள்ளையின் முகம் கழுவிவிட்டதாகச் சொல்லித் திரிந்தார். அவ்வளவுதான். போத்தலோடு வரத் தொடங்கினார்கள். தண்ணீர் என்ற பேச்சுப் போய்த் தீர்த்தம் என்ற பேச்சு வந்தது. பட்டுவேட்டி கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தவர்களையும் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு காலை, பூமணி அள்ளி முடித்துக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு அடி வைத்திருப்பார். போத்தலோடு காத்து நின்ற ஒருவர், ஊரில் மரியாதையானவர், என் வயதுக்காரர், கிணற்றுக்கட்டில் இருந்த வாளியைக் காட்டினார். குரலை அவர் தாழ்த்தவும் இல்லை. “வாளியை ஒருக்காக் கழுவிப்போட்டு அள்ளித் தாங்கோ. தீர்த்தமெல்லே.”

பலகையில் இல்லாதது

வாசலில் கவிஞரைப் பற்றிப் பெரிய பலகை ஒன்று இருக்கிறது. இயற்கையை நேசித்தார், தமிழை நேசித்தார், எளிமையாக வாழ்ந்தார் என்று எழுதியிருக்கிறது. இதை யாரைப் பற்றியும் எழுதலாம். எழுதாமல் விட்டது இது.

கவிஞரின் வாலிப காலத்தில் பூமணி வீட்டார் இந்தக் கிணற்றில் அள்ள முடியாது. குடத்தோடு வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். வீட்டுக்காரர் யாராவது எழுந்து வந்து, அள்ளி, உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். அதுவரை வெயிலில் காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு மத்தியானம் பூமணியின் மாமியார், அப்போது கைக்குழந்தைக்காரி, வேலிக்கு வெளியே நின்றிருக்கிறார். கவிஞர் விறாந்தையில் எழுதிக்கொண்டிருந்தார். கண்டாராம், இதோ வருகிறேன் என்றாராம், திரும்ப எழுதத் தொடங்கிவிட்டாராம். குழந்தை அழுதிருக்கிறது. அந்தப் பெண் கடைசியில் வேலிக்கு மேலால் சத்தமாகச் சொன்னதைத் தன் வாயாலேயே பிற்காலத்தில் என் மனைவிக்குச் சொல்லியிருக்கிறார்: “நீங்கள் பாட்டு எழுதி முடியுமட்டும் என்ரை பிள்ளைக்குத் தாகம் பொறுக்காது. ஒண்டில் நீங்கள் எழும்புங்கோ, இல்லாட்டி நான் உள்ளுக்கை வாறன்.”

கவிஞர் எழும்பினார். தண்ணீர் அள்ள அல்ல. வேலியில் இரண்டு கதிகாலுக்கு நடுவே ஓலையைப் பிய்த்து எறிந்து, அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிவந்து, துலாக்கயிற்றைக் கையில் கொடுத்தார். அந்தப் பெண் அள்ளிய முதல் வாளியில் தானும் வாங்கிக் குடித்தார். அதோடு சொந்தக்காரர் இந்த வீட்டில் கை நனைப்பதை விட்டார்கள். கோயிலில் பரம்பரையாக இருந்த திருவிழா உபயத்தையும் பறித்தார்கள். பூமணி வீட்டாரை உள்ளே விடாத கோயிலுக்குத் தானும் வருவதில்லை என்று அவர் அன்றைக்குச் சொன்னார், சொன்னபடி இருந்தார்.

இதை ஒரு வரியாவது பலகையில் போடலாமே என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. என் மனைவியின் செத்தவீட்டுக்கு மூன்று நாளும் வந்திருந்தவர். என் தோளில் கை வைத்துச் சொன்னார். “உதுகளை இப்ப ஏன் கிண்டுவான் அண்ணை? உப்பிடி ஒண்டும் இப்ப ஊரிலை இல்லைத்தானே.”

கம்பி மூடி

தீர்த்தம் என்று பெயர் எடுத்த பிறகு கிணற்றைச் சும்மா விடுவார்களா? வெளிநாட்டு அன்பர் ஒருவர் பொறுப்பெடுத்தார். கிணற்றுக்கட்டுக்குப் பளபளவென்று ஓடு பதித்தார்கள். மேலே இரும்புக் கம்பியில் ஒரு மூடி, நடுவில் வாளி போகுமளவுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஆமைப்பூட்டு. இலை விழாமல் இருக்க என்றார்கள். பிள்ளைகள் தவறி விழாமல் இருக்க என்றார்கள். இரண்டும் நியாயம்தான். வேலிப் பொட்டுக்கு ஏன் தகரம் அடித்தீர்கள் என்று கேட்டேன். ஆடு வருமாம். நான் அங்கே இருந்த காலத்தில் அந்தப் பொட்டால் ஒரு ஆடும் வந்ததில்லை.

பூட்டின் திறப்பு என் கோர்வையில் சேர்ந்தது. காலை ஒன்பது மணிக்கு வீடு திறக்கும்போது கிணறும் திறக்க வேண்டும், பின்னேரம் பூட்ட வேண்டும். பூமணி விடியமுன் தோட்ட வேலைக்குப் போகிறவர், பொழுதுபட்டு வருகிறவர். அதைச் சொன்னேன். செயலாளருக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. “நாங்கள் ஒருத்தரையும் தடுக்கேல்லை அண்ணை. முன்பக்கத்தாலை வந்து ஆர் கேட்டாலும் நீங்கள் திறந்து அள்ளிக் குடுக்கலாம். ஒரு ஒழுங்குக்குத்தான்.”

காத்து நிற்பது

அடுத்த நாளிலிருந்து பூமணி வரவில்லை. ஒருவரும் வரவில்லை. ஒரு ஞாயிறு காலை சைக்கிளில் வரும்போது பார்த்தேன்: சந்தியில் வைத்திருக்கும் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால், குடங்களின் வரிசையில் பூமணியின் குடமும் இருந்தது. கண்டு காணாததுபோல் வந்துவிட்டேன்.  என் மனைவி கடைசி மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கிடந்தபோது, வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காது என்றார். அந்த மாதம் முழுக்கக் குடத்தில் இந்தக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனவர் பூமணி. நான் கேட்டிருக்கவில்லை.

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். விடியமுன் நான் வந்து பூட்டைத் திறந்து வைக்கிறேன், எத்தனை மணிக்கென்று சொன்னால் போதும், நீங்கள் வாருங்கள் என்றேன். பூமணி கோபப்படவில்லை. எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார். தாங்கித் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி, குளோரின் மணந்தது. நான் குடித்து முடியும்வரை பொறுத்திருந்தார். “ஊத்துறவரைக் காத்துக்கொண்டு நிண்டது மாமியோடை முடிஞ்சுது அண்ணை. இனித் திறப்புக்காரரைக் காத்துக்கொண்டு நிக்கேலாது.”

திறப்புக்காரர் என்று அவர் சொன்னது என்னைத்தான். இத்தனை நாளும் நான் செயலாளரில்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பாகல்

மறுநாள் மூடிக்கிடந்த என் கடையிலிருந்து பழைய ஸ்பனர்களைக் கொண்டுபோனேன். மூடியை நான்கு பக்கமும் சுரையாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். துருப்பிடித்த சைக்கிள்களோடு வாழ்நாள் போன எனக்கு அது பெரிய வேலையல்ல. கழற்றி, இழுத்துக்கொண்டுபோய், குசினிச் சுவரோடு சாய்த்து வைத்தேன். நல்ல இரும்பு, வீணாக்கக் கூடாது என்று அடியில் பாகல் விதை ஊன்றினேன். வேலித் தகரத்தையும் பிடுங்கினேன். பிறகு பூமணி வீட்டுப் பக்கம் பார்த்து ஒருமுறை இருமினேன். கூப்பிடுவது சரியாகப் படவில்லை.

பொழுதுபட அவர்கள் வந்தார்கள். பூமணி துலாவைப் பிடித்து ஒரு வாளி அள்ளி, முதலில் கிணற்றுக்கட்டில் ஊற்றினார். புது ஓட்டில் தண்ணீர் ஓடியது.

செயலாளர் வர ஒரு கிழமை பிடித்தது. பாகல் முளைத்திருந்தது. மன்றத்து ஆட்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். மத்தியான வெயில். ஞாயிற்றுக்கிழமை, பூமணி கிணற்றடியில் நின்றார். யார் கழற்றியது என்று செயலாளர் கேட்டார். நான் என்றேன். யாரைக் கேட்டுக் கழற்றினீர்கள் என்றார்.  நன்கொடை தந்தவருக்கு என்ன சொல்வது, மன்றத்தின் மானம் என்ன ஆவது, கவிஞரின் புனிதம் என்ன ஆவது என்று அவர் நீளக் கதைத்தார். வேர்த்துக் கொட்டியது. குரலும் கட்டியது. கடைசியில் திறப்பைத் தரச் சொல்லிக் கையை நீட்டினார். இடுப்பிலிருந்து கோர்வையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

அப்போதுதான் பூமணி வந்தார். செம்பை நன்றாகக் கழுவி, நிறைய அள்ளி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார். “வெயிலுக்கை நிண்டு கதைச்சுக் களைச்சுப் போனியள் ஐயா. ஒரு வாய் தண்ணி குடியுங்கோவன்.”

 செம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. செயலாளர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட வந்த இருவரையும் பார்த்தார். அவர்கள் பாகல் முளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பிடி ஒன்றும் இப்போது ஊரில் இல்லை என்று சொன்ன வாய் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார். “வேண்டாம் பிள்ளை. எனக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது.”

திறப்பு இப்போது அவரிடம். நிலம் மெழுக வேறு ஆள் கிடைக்காததால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள். கிணறு திறந்தே கிடக்கிறது.

கவிஞரைக் கும்பிட இன்றைக்கும் ஆள் வருகிறது, அவர் குடித்த மாதிரி ஒரு வாய் தண்ணீர் குடிக்கத்தான் ஊரில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம்.